ஒரே ஏழு

சுடலைமணி தோற்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

சும்மா இல்லை. கண்ணை மூடி, ஊர்க் காளியம்மனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு.

அவன் அவளோடு பத்தாம் வகுப்பில் படிப்பவன். பையன்கள் கபடி அணிக்கு அவன் கேப்டன். பெண்கள் அணிக்கு அவள். இருவருக்கும் எண் ஏழு.

இருவருக்கும் ஒரே ஏழு.

அந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் இருப்பதே ஏழு பனியன்கள்தான். உரக்கடைக்காரர் ஒருவர் எந்தக் காலத்திலோ வாங்கிக் கொடுத்தவை. முதுகில் எண்ணைவிடக் கடையின் பெயர் பெரிது. அக்கம்பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டியில் பையன்கள் ஆடி முடித்துக் கழற்றித் தருவார்கள். பெண்கள் அதைப் பிழிந்து உதறி, சுடிதார்மேலேயே மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். மற்றவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். அவள் பிடித்ததில்லை.

இதுவரை பிரச்சினையும் வந்ததில்லை. வருஷா வருஷம் பையன்கள் முதல் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்விவிடுவார்கள். இந்த வருஷம் பார்த்து, பாவிகள், இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டார்கள்.

காலையில் பெய்த மழையில் ஆட்டங்கள் தள்ளிப்போய், இப்போது பையன்கள் இறுதி ஆட்டமும் பெண்கள் இறுதி ஆட்டமும் இரண்டு களத்தில் ஒரே நேரம்.

எண் போட்ட பனியன் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மூன்று முறை கூப்பிடுவார்கள். அப்புறம் எதிரணி ஜெயித்ததாக எழுதிக்கொள்வார்கள்.

மைக்கில் இரண்டாவது முறை பள்ளியின் பெயரைச் சொன்னார்கள்.

இதில் ஜெயித்தால் மாவட்டம். மாவட்டத்தில் ஆடினால் விளையாட்டு விடுதிக்காரர்கள் கண்ணில் படலாம். இல்லையென்றால் பரீட்சை முடிந்த மறுநாளே தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு வேன். அக்காவுக்குப் பக்கத்து சீட். அம்மா சொல்லி வைத்தாயிற்று.

பையன்கள் ஆட்டம் சமநிலை. கடைசி ரெய்டு. சுடலைமணி ஒருவனைத் தொட்டு வருவான் என்பது நிச்சயமில்லை; தொடாமல் திரும்பினால் ஆட்டம் நீளும், தோற்றால் உடனே முடியும்.

போவதற்கு முன் அவன் அவளைப் பார்த்தான். அவள் துப்பட்டாவைக் கழற்றி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

கபடி பாடிக்கொண்டு போனான்.

கடைசிக் கோடுவரை போனான். யாரும் அவனைப் பிடிக்கவில்லை.

இன்னும் ஓரடி எடுத்து வைத்தான். கோட்டுக்கு வெளியே.

விசில். அவுட்.

அவள் அம்மனுக்கு நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. அவன் கழற்றி எறிந்ததை வாங்கித் தலைவழியே இழுத்துக்கொண்டே சேற்றில் ஓடினாள். பின்னால் ஆறு பேரும் ஓடினார்கள்.

எதிரணிப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகினார்.

ஏழு பேரும் மாறி மாறிக் கெஞ்சினார்கள். எழுதியது எழுதியதுதான் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு நேரமாகியிருந்தது.

வேப்பமரத்தடியில் பி.டி. சார் சுடலைமணியை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"கோடுகூடவாலே கண்ணுக்குத் தெரியல? பத்து வருசத்துல இப்பதாம்ல இம்புட்டுத் தூரம் வந்தோம். அம்புட்டையும் கெடுத்துட்டியே."

அவன் வெற்றுமேலோடு தரையைப் பார்த்து நின்றான்.

அவன் ஏன் கோட்டைத் தாண்டினான் என்று சாரிடம் சொல்ல அவள் வாயெடுத்தாள். சொன்னால் அவன் வேண்டுமென்றே தோற்றான் என்றாகும். விழுங்கிக்கொண்டாள். அவனை நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை.

சார் பனியன்களைப் பைக்குள் போட்டார். ஆறு. அவள் பக்கம் கையை நீட்டினார்.

கழற்றிக் கொடுத்தாள்.

பிழிய நேரமில்லாமல் மாட்டியது. அவனுடைய வியர்வை அவள் சுடிதாரில் இறங்கியிருந்தது.

அவள் ஒரு ரெய்டுகூடப் போகவில்லை.