வெந்த முட்டை

நாயின் வாயை அவர்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

வேறு யார் பிடித்தாலும் கடிக்கும். அவர் கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வரும். அவ்வளவு நம்பிக்கை. நாசமாய்ப் போன நம்பிக்கை.

கொல்லையில் மூன்று கல் கூட்டிய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சட்டியில் ஒரே ஒரு முட்டை கொதித்தது. மகன் பூபதி குத்துக்காலிட்டு உட்கார்ந்து இடுக்கியால் அதைப் புரட்டினான்.

முட்டை திருடித் தின்னும் நாய்க்கு ஊரறிந்த வைத்தியம் இது. கொதிக்கக் கொதிக்க ஒரு முட்டையை வாயில் வைத்து, துப்பவிடாமல் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஆயுசுக்கும் அது முட்டை இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்காது. அவரே தன் காலத்தில் ஒரு நாய்க்குச் செய்திருக்கிறார். அந்த நாய் முட்டை தின்ற நாய்.

இந்தச் செவலை நாய் தின்னவில்லை.

தின்றது அவர்.

எழுபது வயதுக்கு மேல் முட்டை ஆகாது என்று மருமகள் யசோதா முடிவு கட்டியிருந்தாள். எந்த டாக்டரும் சொல்லவில்லை. நாட்டுக்கோழி முட்டைக்கு டவுனில் கிராக்கி, அவ்வளவுதான். கேட்டு வாங்கித் தின்றிருக்கலாமே என்றால், கேட்டார். ஒருதரம் கேட்டார்.

"இந்த வயசுல உங்களுக்கு முட்டை எதுக்குங் மாமா?" என்று சிரித்தாள்.

அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

கிழவனுக்கு நாக்கு செத்துவிடும் என்று யார் சொன்னது? உடம்பெல்லாம் ஓய்ந்த பிறகும் அது மட்டும் கொழுப்பெடுத்து அலைகிறது.

கோழிக்கூட்டைக் கூட்டுவது அவர் வேலை. ஈ மொய்க்காமல் எச்சத்தின் மேல் சாம்பல் தூவுவதும் அவர் வேலை. யசோதா குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்து, இளஞ்சூட்டோடு கிடக்கும் முட்டை ஒன்றை எடுப்பார். நகத்தால் துளை போட்டு, அண்ணாந்து ஒரே உறிஞ்சு. முட்டையோட்டை நொறுக்கிச் சாம்பலுக்குள் புதைத்துவிடுவார்.

முட்டை குறைகிறது என்றதும் முதலில் எலியின் மேல் பழி விழுந்தது. வளைகளில் கண்ணாடித் துண்டு போட்டு சிமெண்டால் அடைத்தார்கள். அடைத்தவர் அவர்தான்.

பிறகு கீரி. கூட்டைச் சுற்றிக் கம்பிவலை வந்தது. பூபதி ஆணி அடிக்க, வலையை இழுத்துப் பிடித்தவரும் அவர்தான்.

பிறகு சாரைப்பாம்பு. யசோதா பூண்டை நசுக்கிக் கூட்டைச் சுற்றிப் போட்டாள். இனி ஈ எறும்பு நுழையாது என்று பூபதி சொன்னபோது அவரும் ஆமாம் போட்டார்.

மறுநாளும் ஒரு முட்டை குறைந்தது.

போதாத காலம், அன்றைக்குப் பார்த்து அவருக்கு நாயின் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. அதுவும் ஒரு வாய் நக்கட்டுமே என்று காலி முட்டையோட்டை அதன் முன்னால் போட்டார். மூக்கில் ஒட்டிய துணுக்கோடு அது நேரே யசோதாவிடம் போய் நின்று வாலை ஆட்டியது.

அதோடு விசாரணை முடிந்தது.

முட்டையும் வெந்துவிட்டது.

சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. நான்தான் எடுத்தேன். நேற்றிலிருந்து நாக்கு நுனியிலேயே நிற்கிறது. சொன்னால் என்ன, தலையா போய்விடும்?

தலை போகாது. யசோதா வாய்விட்டுச் சிரிப்பாள். அவள் அம்மா வீட்டுக்குப் போன் போகும். பொழுது சாய்வதற்குள் தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் தெரிந்துவிடும். நாலு ஊருக்குப் பஞ்சாயத்துப் பேசிய மனுஷன் பெற்ற மகன் வீட்டில் முட்டை திருடினான் என்பார்கள்.

நாய்க்கு மானம் கிடையாது. வாய் வெந்தால் நாலு நாளில் ஆறிவிடும்.

இப்படித்தான் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"செவலை" என்று கூப்பிட்டார்.

வந்தது. அவர் மடியில் தலையை வைத்தது.

கழுத்தைத் தொடையிடுக்கில் அமுக்கிக்கொண்டு தாடையைப் பிரித்தார். பூபதி இடுக்கியோடு குனிந்தான். முட்டை உள்ளே போனதும், இரண்டு கையாலும் வாயைச் சேர்த்து அழுத்தினார்.

கன்னத்தோல் வழியாகவே சூடு அவருடைய உள்ளங்கையில் ஏறியது. நாய் துள்ளியது. காலால் மண்ணைப் பறித்தது. தொண்டைக்குள்ளிருந்து வந்த சத்தம் நாயின் சத்தமாகவே இல்லை. கண்கள் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

மற்றவர்களைக் கடிக்கிற நாய், அவரைக் கடிக்கவில்லை.

அவர் விடவில்லை. பாவி மனுஷன், விட்டிருக்கலாம்.

போதும் என்று பூபதி கையைக் காட்டிய பிறகுதான் விட்டார்.

முட்டையைத் துப்பிவிட்டு ஓடி, கோழிகளுக்கு வைத்திருந்த தண்ணீர்த் தட்டில் அது வாயை வைத்தது. குடிக்க முடியவில்லை. சும்மா வைத்துக்கொண்டு நின்றது. யசோதாவே பார்க்கச் சகிக்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

பூபதி தண்ணீர் ஊற்றி அடுப்பை அணைத்தான். இடுக்கியைக் கழுவி வைத்தான். அவனுக்கு அவசரமே இல்லை. அப்புறம் துண்டில் கையைத் துடைத்தபடி அவருக்கு எதிரில் வந்து நின்றான்.

"இனிமே முட்டை காணாமப் போகாதில்லீங்ப்பா?"

நாய் அந்தப் பக்கம் நின்றது. அவன் இந்தப் பக்கம் பார்த்துக் கேட்டான்.

"போகாது சாமி" என்றார் அவர்.

நாய்க்கு நீங்கள் எப்படி உத்தரவாதம் தர முடியும் என்று பூபதி கேட்கவில்லை.