எழுநூறு அடிக்குக் கீழே

கம்பி இறங்க மறுத்தது.

சுத்தியலை ஓங்கி இன்னொரு அடி அடித்தான். மண் விட்டுக்கொடுக்கவில்லை. நாலாவது அடிக்குத்தான் ஒரு சாண் இறங்கியது.

"போதுங்க. இப்ப உப்புத் தண்ணி ஊத்துங்க," என்று தோட்டத்தின் நடுவிலிருந்து கத்தினார் சர்வேக்காரர்.

காய்ந்த மண்ணில் கரண்ட் பாயாதாம்.

தண்ணீரைத் தேடவும் தண்ணீர் வேண்டியிருந்தது.

வாளியில் கரைத்து வைத்திருந்ததைக் கம்பியைச் சுற்றி ஊற்றினான். மண் சத்தம் போட்டுக் குடித்தது.

தோட்டத்தின் இரண்டு கோடிக்கும் சிவப்பு ஒயர் ஓடியது. நடுவில் குடையை விரித்து, அந்த நிழலில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார் கோயம்புத்தூரிலிருந்து வந்த சர்வேக்காரர். பூமிக்குள் கரண்டை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் பாறை என்றால் பெட்டியில் எண் ஏறும். ஈரம் இருந்தால் இறங்கும். கம்பிகளை இன்னும் தள்ளித் தள்ளி அடித்தால் இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியும்.

காலையிலிருந்து எண் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

இதற்கு முன்னால் போட்ட இரண்டு போர்க்கிணற்றிலும் தண்ணீர் இல்லை.

இரண்டாவது போட்ட அன்று அவன் மனைவி கோகிலா போர் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். யார் சொல்லியும் நகரவில்லை. கடைசி வரைக்கும் குழியிலிருந்து வெள்ளைத் தூசிதான் வந்தது. தலை, புருவம், இமையெல்லாம் வெளுத்துப்போய் நின்றவளைப் பார்த்ததும், அந்த நேரத்திலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டான். அவளும் சிரித்தாள்.

அடுத்த வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறினாள். பனியன் கம்பெனி வேலை.

"தண்ணி வந்துதுன்னா ஒரு போன் போடுங்க. அடுத்த பஸ்ஸுக்கே வந்தர்றேன்."

அதற்கப்புறம் தென்னைகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. அக்கம்பக்கத்தில் கூலிக்குப் போய்க்கொண்டு அவன் மட்டும் இங்கேயே இருந்துவிட்டான். யாராவது ஒருத்தர் இருந்தால்தானே அவள் திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருக்கும்.

"இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போங்க!"

வேலியோரம் வரைக்கும் போனான். அடித்தான். ஊற்றினான்.

நடுவிலிருந்து சத்தமே இல்லை.

திரும்பிப் பார்த்தான். சர்வேக்காரர் பெட்டியின் மேல் குனிந்திருந்தார். பிறகு, தலையை நிமிர்த்தாமலே, வாங்க என்று கையை ஆட்டினார்.

ஓடினான்.

எண் இறங்கியிருந்தது.

"பாறைக்குள்ள வெடிப்பு ஒன்னு இருக்குதுங்க. எழுநூறு அடிக்குக் கீழ. நூத்துக்கு நூறுன்னு நாஞ் சொல்ல மாட்டேன். ஆனா இந்த மாதிரி இறங்கி, தண்ணி இல்லாம நான் பாத்ததில்லீங்க."

சர்வேக்காரர் காட்டிய இடத்தில் கல்லை நட்டு, அதன் தலையில் சுண்ணாம்பைப் பூசினான். விரலில் ஒட்டிய சுண்ணாம்போடே போனை எடுத்தான்.

சாப்பாட்டு நேரம். கோகிலா உடனே எடுத்துவிட்டாள்.

"ஏனுங்க, நானே கூப்பிடோணும்னு இருந்தேன். ரூமு கெடச்சிருச்சு! யாரோடயும் பங்கு இல்ல, நமக்குன்னே தனியா. ஜன்னலத் தொறந்தா அப்பிடிக் காத்து. பாப்பாவுக்கு ஸ்கூலு பக்கம். உங்களுக்கும் எங்க கம்பெனிலயே வேலை சொல்லி வெச்சுட்டேன். ஞாயித்துக்கெழமை வந்தர்றீங்களா?"

அவள் இப்படித் துள்ளலாகப் பேசிக் கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. அந்தக் குரலுக்குள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

"ஏனுங்க... லைன்ல இருக்கறீங்களா?"

"இருக்கறேன்."

"எதுக்குக் கூப்பிட்டீங்க?"

கல்லைப் பார்த்தான். சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.

"சும்மாதான்."

முன்பெல்லாம் போனை எடுத்ததும் போரைப் பற்றித்தான் முதலில் கேட்பாள். அதை எப்போது நிறுத்தினாள் என்று யோசித்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை.

சர்வேக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே வந்தார்.

"போர் வண்டிக்குச் சொல்லிரட்டுங்களா?"

"சார்... அந்தத் தண்ணி அங்கயே இருக்குமுங்களா?"

சர்வேக்காரருக்குக் கேள்வி புரிய ஒரு நிமிடம் பிடித்தது.

"பக்கத்துல யாரும் போர் போடாத வரைக்கும் இருக்குமுங்க. அது எங்க போகப் போகுது?"

"அப்பறமா சொல்றனுங்க."

சர்வேக்காரரின் ஜீப் போய்விட்டது. தூசி அடங்கும் வரைக்கும் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வெயில் உச்சியை விட்டு இறங்கியது.

மறுபடியும் போன் அடித்தது. அவள்தான்.

"ஒன்னு கேக்க மறந்துட்டனுங்க."

சட்டென்று எழுந்து நின்றுவிட்டான்.

"சொல்லு."

"இங்க கொழாயில ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி உடறாங்க. புடிச்சு வெக்கறதுக்குப் பாத்திரம் பத்தல. அடுப்படில இருக்கற ரெண்டு குடத்தையும் கொண்டாந்தர்றீங்களா?"

பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன.

"கொண்டாறேன்," என்றான்.

வீட்டுக்குள் போனான். ஒரு குடம் காலி. அதை எடுத்து வாசலில் வைத்தான்.

இன்னொன்றில், நேற்று லாரியில் பிடித்த தண்ணீர் முக்கால் குடத்துக்கு இருந்தது. தூக்கி வாசல் வரைக்கும் கொண்டுவந்தான். கீழே கவிழ்க்க மனம் வரவில்லை.

படியில் உட்கார்ந்து ஒரு சொம்பு மொண்டு குடித்தான்.

தாகமே இல்லை.

இன்னொரு சொம்பு மொண்டான்.