திரும்பி வராத கேள்வி

“சார், தையல்காரர் வந்துட்டார்!”

மூன்றாம் ஜன்னலிலிருந்து எழுத்தர் பெண் குரல் கொடுத்ததும், குடிநீர் வாரியத்தின் தகவல் பிரிவே நிமிர்ந்து உட்கார்ந்தது. கழுத்தில் அளவு நாடாவும் கையில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவுமாக அந்த மனிதர் வந்து நின்றால், வாரியத்தில் யாருக்கோ தூக்கம் போயிற்று என்று அர்த்தம்.

“இன்னிக்கு என்னண்ணே?” என்று கேட்டாள் எழுத்தர்.

“சின்னக் கேள்விதான் தங்கச்சி. எங்க தெருக் குழாய் உடைஞ்சு கிடக்குன்னு கொடுத்த புகார் எந்தத் தேதியில வந்துச்சு, இப்ப யார் மேஜையில இருக்கு, அவர் அதுல என்ன எழுதியிருக்கார்? நகல் வேணும்.”

அதற்குள் அதிகாரி தன் அறையிலிருந்து பாய்ந்து வந்துவிட்டார். ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘செவுரு’. எந்த மனுவைக் கொடுத்தாலும் வந்த வேகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார். கேள்வி தெளிவாக இல்லை, இது எங்கள் துறை இல்லை, முகவரியில் கதவு எண் விட்டுப்போயிருக்கிறது என்று, காரணத்துக்கு அவரிடம் பஞ்சமே கிடையாது.

மனுவை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

“ஒரே ஒரு ‘ஏன்’ போட்டிருந்தா போதும். ‘ஏன்’னு கேட்டா பதில் சொல்லச் சட்டத்துல இடமில்லைன்னு எழுதித் திருப்பியிருப்பேன். மனுஷன் மாட்டவே மாட்டேங்கிறாரே!”

“எல்லாம் உங்ககிட்டப் படிச்ச பாடம்தான் சார். எத்தனை மனுவைத் திருப்பியிருக்கீங்க!” என்று சிரித்தார் தையல்காரர்.

“ஏம்மா, அந்தக் குழாயை இன்னிக்கே மாத்தச் சொல்லு. ‘சரி செய்யப்பட்டது’ன்னு பதில் எழுதிடலாம்” என்று எழுத்தர் பக்கம் திரும்பினார் அதிகாரி.

அந்த வாரியத்தில் வேலை நடக்கிற லட்சணமே அதுதான். ‘இன்னும் செய்யவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட யாருக்கும் மனசு வராது. அதனால் வேலையை முடித்துவிட்டே பதில் எழுதுவார்கள்.

அதிகாரி கடுப்பில் இருக்கிறார் என்று தெரிந்தும், எழுத்தர் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

“சார், என் இடமாற்ற மனு...”

“அது தலைமை அலுவலகத்துல இருக்கு. என்னைக் கேட்டா?”

“ரெண்டு வருஷமாச்சு சார். வீட்டுக்காரரும் பொண்ணும் சொந்த ஊர்ல, நான் இங்க. வாரத்துக்கு ஒரு நாள்தான் போறேன்னு, பொண்ணு என்னை ‘ஞாயித்துக்கிழமை அம்மா’ன்னு கூப்பிடறா சார்.”

“நீ போயிட்டா இந்த ஜன்னல்ல யாரு உக்காருவா? நானா? போய் வேலையைப் பாரும்மா!”

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். தையல்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போய்விட்டார்.

அடுத்த மாதமே இடமாற்ற உத்தரவு வந்து குதித்தது. எழுத்தர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அதிகாரியோ அறைக்குள் தாம்தூம் என்று குதித்தார்.

“எல்லாம் அந்த ஊசி நூல் ஆளோட வேலை! தலைமை அலுவலகத்துக்கே கேள்வி அனுப்பியிருக்கார். உன் மனு எந்தெந்த மேஜைக்குப் போச்சு, ஒவ்வொரு மேஜையிலயும் எவ்வளவு நாள் தூங்குச்சு, உனக்குப் பின்னால கேட்டவங்கள்ல யார் யாருக்கு மாற்றல் கிடைச்சுதுன்னு! பதில் எழுதினா மானம் போயிடும்னு பயந்து, உத்தரவைப் போட்டுட்டு ‘வழங்கப்பட்டது’ன்னு எழுதிட்டாங்க. இனிமே ஆளுக்கு நான் எங்க போவேன்?”

எழுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கடைசி நாள் மதிய இடைவேளையில், ஒரு பெட்டி இனிப்போடு தையல் கடைக்கு ஓடினாள்.

“அண்ணே, உங்க புண்ணியத்துல என் பொண்ணுக்கு இனிமே தினமும் ஞாயித்துக்கிழமைதான். ஒட்டா உறவா, எனக்காக எதுக்குண்ணே இவ்வளவு மெனக்கெட்டு எழுதினீங்க?”

தையல் மெஷின் நின்றது. தையல்காரர் தலையைச் சொறிந்தார்.

“வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார். ஆனா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலைன்னா, நாளைக்கு நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அடுத்தவங்களைக் கேட்பேன்? அந்த மனுவுல கையெழுத்து மட்டும்தான் தங்கச்சி என்னோடது.”

“அப்போ எழுதினது?”

“உங்க சார்தான். அன்னிக்கு உங்க ஜன்னலுக்கு வந்துட்டுப் போன மறுநாள் காலையில கடையைத் திறக்கறேன், வாசல்ல நிக்கறார். ‘நானும் மூணு தடவை சிபாரிசு பண்ணிட்டேன், ஒண்ணும் நகரலை. பதில் சொல்லாம நழுவுற சந்து பொந்தெல்லாம் எனக்கு அத்துப்படி. அத்தனையையும் அடைச்சு இதை எழுதியிருக்கேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க’ன்னார். நானும் இழுத்து இழுத்துப் பார்த்தேன், ஒரு தையல் பிரியலை.”

எழுத்தர் அலுவலகத்துக்கு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். அதிகாரி வழக்கம்போல் யாருடைய மனுவையோ கையில் வைத்துக்கொண்டு, திருப்பி அனுப்பக் காரணம் தேடிக்கொண்டிருந்தார்.

“சார்,” என்றாள். “ஒரே ஒரு கேள்வி. ஏன் சார்?”

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

“‘ஏன்’னு கேட்டா பதில் சொல்லச் சட்டத்துல இடமில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பும்மா.”