கடைசிக் கதவு

இப்போதெல்லாம் ஆட்கள் எதையும் நம்பிவிடுகிறார்கள். நேரில் நின்று வாயால் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அதே சங்கதி போனில் வந்தால் மறுகதை இல்லாமல் ஓம் என்பார்கள். வீரகத்திக்கு இந்தப் பழக்கம் கண்ணில் காட்டக்கூடாது.

இன்றைக்கு அந்தப் போன் அவருடைய வீட்டுக்குள்ளேயே ஒரு ஆளைக் கொண்டுவந்து இருத்திவிட்டது. மீசை முளைத்த இளந்தாரி. கதிரையில் சாய்ந்திருந்து பொம்மைப் படம் பார்க்கிறான். பக்கத்தில் அவர் மனைவி பத்மாசனி, அவனுடைய கையைப் பிடித்தபடி.

“உந்த வயதில பொம்மைப் படம். வெக்கமில்லையோ தம்பி?” என்றார் வீரகத்தி.

“சின்னனில இருந்து எனக்கு ஞாபகம் இருக்கிறது இது ஒண்டுதான் ஐயா,” என்றான் அவன்.

பெயர் நிஷாந்தன். அதுவும் சிறுவர் இல்லத்தில் வைத்த பெயர். சண்டை முடிந்த வருடம் அகதி முகாம் வாசலில் தனியாக நின்றவன். அப்போது ஐந்து வயதிருக்கும். பயத்தில் ஒரு வருடம் பேச்சே வரவில்லை. பேச்சு வந்தபோது சொந்தப் பெயர் போய்விட்டிருந்தது.

ஒரு கறுப்பு வெள்ளை ரீவி, பக்கத்தில் கார் பற்றரி, திரையில் ஒற்றைக் காது முயல். இவ்வளவுதான் மிச்சம். போன மாதம் அந்த முயலை யூரியூப்பில் கண்டுபிடித்து, ‘வன்னியில் பற்றரியில் ரீவி போட்டு இந்தப் படம் பார்த்த பிள்ளையை யாராவது தொலைத்தீர்களா?’ என்று பேஸ்புக்கில் எழுதியிருந்தான். பக்கத்து வீட்டு யதுர்ஷிகா அதைக் கொண்டுவந்து, சண்டையில் பிள்ளையைத் தொலைத்த பத்மாசனிக்குக் காட்ட, இன்றைக்கு ஆளே வந்துவிட்டான்.

போனில் முயல் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியது. தன் அம்மாவைத் தேடுகிறது. கதவு திறந்தது, உள்ளிருந்து ஒரு தலை இல்லையென்று ஆடியது, கதவு மூடியது. முயல் அடுத்த வீட்டுக்குப் போனது.

“எங்கட ரூபன் உந்த முயலைக் கண்டா சோறும் வேண்டாமெண்டு இருப்பான்,” என்றாள் பத்மாசனி.

“விசுவமடுவில இருந்து புதுக்குடியிருப்பு மட்டும் எல்லா வீட்டிலையும் உந்தப் படம் ஓடினது. ஒரே கொப்பி, வீடு வீடாக் கைமாறிப் போனது. பாத்த பிள்ளையள் எல்லாம் என்ர பிள்ளையளோ?” என்றார் வீரகத்தி.

“முடிவை மட்டும் நான் பாக்கேல்லை ஐயா,” என்றான் நிஷாந்தன். “அதுக்கிடையில பற்றரி இறங்கிவிடும். இப்பவும் அந்த இடம் வந்தா நிப்பாட்டிப்போடுவன். அம்மா கிடைச்சாப் பிறகு பாப்பமெண்டு.”

“கேட்டியளோ?” என்றாள் பத்மாசனி. “எங்கட பற்றரியும் கடைசிக் கதவடியிலதானே நிண்டது.”

“எல்லாற்ற பற்றரியும் கிழட்டுப் பற்றரிதான். எல்லாம் அங்கதான் நிண்டிருக்கும்.” வீரகத்தி அவன் பக்கம் திரும்பினார். “பற்றரி நிண்டாப் பிறகு மிச்சக் கதையை நான்தான் சொல்லுறனான். என்ன சொன்னனான், சொல்லு பாப்பம்.”

நிஷாந்தன் போனைக் கவிழ்த்து வைத்தான். “ஞாபகம் வரேல்லை.”

“வராது.”

பத்மாசனியின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. அதை அவனும் கண்டான்.

“வேணுமெண்டா இரத்தம் எடுத்துப் பாக்கலாம் ஐயா. இப்ப அதுக்கு வசதி இருக்குது.”

“உதொண்டும் தேவையில்லை.” வெட்டினதுபோல் சொன்னார் வீரகத்தி.

சண்டையின் கடைசி நாட்களில் பத்மாசனி காயப்பட்டு, காயக்காரரை ஏற்றிய கப்பலில் போக, பிள்ளை தகப்பனோடு நின்றான். பிறகு முகாமில் அவளைக் கண்டபோது, ‘சனத்துக்குள்ள கை விட்டுப்போச்சு’ என்றார் வீரகத்தி. அன்றிலிருந்து அவள் பிள்ளையின் படத்தோடு அரசாங்கக் கந்தோர் கந்தோராக, காணாமற்போனோருக்கான போராட்டப் பந்தல் பந்தலாகத் திரிகிறாள். அவர் சைக்கிளில் ஏற்றிப்போய் வாசலில் இறக்கிவிடுவார். அதோடு சரி.

“ஒருநாளாவது பிள்ளையின்ர படத்தைக் கையில பிடிச்சியளோ?” என்றாள் அவள். “தேடி வந்த பிள்ளையையும் கலைக்கப் பாக்கிறியள். நீ இரு ராசா, முட்டை பொரிச்சுக்கொண்டு வாறன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

வீரகத்தி வயலுக்குப் போகச் சைக்கிளை எடுத்தார். வாசல் படலையடியில் நிஷாந்தன் வந்து நின்றான். தோளில் பை.

“நான் போறன் ஐயா. அவாவிட்டச் சொல்லிவிடுங்கோ. முன்னமும் ரெண்டு வீட்டில இப்பிடித்தான், எனக்குப் பழகிட்டுது.”

வீரகத்தி குசினிப் பக்கம் பார்த்தார். எண்ணெய் சீறும் சத்தம் கேட்டது. சமைத்துக்கொண்டே அவள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அது பாட்டுப்போல இருந்தது. அவள் பாடிக் கேட்டு எத்தனையோ வருடம்.

“பையை உள்ளுக்கு வை,” என்றார். “கடைசிக் கதவு, தட்ட முந்தியே திறந்துது. அம்மா முயல் பிட்டு அவிச்சு வைச்சிட்டு, ‘ஏன்ரா இவ்வளவு நேரம்?’ எண்டு கேட்டுது. அதுதான் நான் சொன்ன முடிவு. இப்பத்தான் ஞாபகம் வந்ததெண்டு அவாவிட்டச் சொல்லு.”

நிஷாந்தன் பையைத் தோளிலிருந்து இறக்கினான். “அப்ப… என்னை நம்புறியளோ ஐயா?”

“இல்லை.”

சைக்கிளில் ஏறினார். பத்து முழம் போய்க் காலை ஊன்றினார். திரும்பிப் பார்க்கவில்லை.

“என்ர பிள்ளையைக் குழி வெட்டித் தாட்டது நான், அது அவாவுக்குத் தெரியாது.”