நண்டின் பிடி

வரப்பு வளையில் இருந்த நண்டுக்கு அரணையைத் தவிர வேறு துணை கிடையாது. அரணையோ, சண்டை என்று வந்தால் வெளியே போய்விடும். எப்போது திரும்பும் என்பது அதற்கே தெரியாது. அன்றைக்கும் பேச்சு முற்றியது.

"கொஞ்ச நேரம் வெயில்ல இருந்துட்டு வரேன்," என்றது அரணை.

"பேசி முடிச்சுட்டுப் போ."

"இப்பப் பேசினா தப்பாத்தான் பேசுவேன்."

அது தலையை வெளியே நீட்டியது. போன தடவை மூன்று நாள் தனியாகக் கிடந்தது நண்டுக்கு ஞாபகம் வந்தது. பாய்ந்து போய் வாலைக் கொடுக்கால் பிடித்துக்கொண்டது.

"வலிக்குது, விடு."

"விட்டா போயிடுவே."

"விடலைன்னாத்தான் போயிடுவேன்."

நண்டு பயத்தில் இரண்டு கண்களையும் உள்ளே மடக்கிக்கொண்டு இன்னும் இறுக்கியது. வெடுக்கென்று ஓர் இழுப்பு. வெளியே புல் சரசரத்து அடங்கியது. அறுந்த வால் மட்டும் கொடுக்குக்குள் துள்ளிக்கொண்டே இருந்தது.

நண்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எவ்வளவு வேணும்னாலும் கோபப்படு," என்றது, கண்ணை வெளியே நீட்டாமலே. "போகாம இருக்கியே, அது போதும்."