விரல் வாசனை

அலுவலகம் பக்கம், அடுத்த தெருவிலேயே நல்ல பள்ளிக்கூடம். இப்படியொரு வீட்டுக்காகத்தான் புறநகர் புறநகராக அலைந்துகொண்டிருந்தோம். வரும் வழியில் என் மனைவி தமயந்தி, மகள் நிறைமதிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள்: "என்ன சாப்பிட்டேன்னு கேட்டா தயிர்சாதம்னு சொல்லணும்." காலையில் சாப்பிட்டது முந்தின நாள் மீன்குழம்பு.

வீட்டுக்காரம்மா எங்களை உட்காரச் சொல்லவில்லை. "சைவம்னாதான் வீடு. புரோக்கர் சொன்னாரில்ல?"

"சொன்னாருங்க. நாங்களும் சைவம்தான்" என்றேன். பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று எனக்கே தெரியாது.

அந்தம்மா என்னை நம்பவில்லை. குனிந்து மகளிடம் கேட்டார். "பாப்பா, காலைல என்ன சாப்பிட்ட?"

"தயிர்சாதம்."

அதையும் நம்பவில்லை. அவளுடைய வலது கையைப் பிடித்து, விரல்களை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி நிதானமாக முகர்ந்தார். நானும் தமயந்தியும் மானங்கெட்டுப்போய்ச் சிரித்துக்கொண்டு நின்றோம். சோப்பு போட்டு, எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்துக் கழுவிய கை அது. அந்தம்மா நிமிர்ந்து, இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து நீட்டினார்.

"நல்ல ஏரியா. பூரா நம்மள மாதிரி ஆளுங்கதான்."

நான் வாங்குவதற்குள் நிறைமதி, சாவியோடிருந்த அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். விரல்களை மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, அதே நிதானத்தோடு முகர்ந்தாள். பிறகு கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவங்க வேணாம்ப்பா."