இடிக்காத மூட்டு

எங்கள் ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்ட் ஸ்கேன் மேசையில் மல்லாந்து படுத்தார். அவருடைய வலது முழங்காலை மடக்கி, பாதத்தைப் பட்டையால் கட்டினேன்.

“பார்த்து எடுங்கண்ணே. எனக்கு இனிமேதான் கல்யாணம் ஆகணும்,” என்றார். சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தினமும் பந்து விளையாடுகிறவர்; இடுப்பில் எந்தக் கோளாறும் இல்லை. அதனால்தான் புது டாக்டர் அவரைப் பிடித்து அனுப்பியிருந்தார்.

காலை மடக்கினால் இடுப்பு மூட்டு இடிக்கிறது என்று எங்களிடம் நோயாளிகள் வருவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மடக்க வைத்து, ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுப்போம். படங்களைக் கோத்து ஓடவிட்டால் மூட்டு அசையும். தொடை எலும்பின் புடைப்பு குழியின் விளிம்பில் எங்கே போய் முட்டுகிறது என்று தெரியும்.

திரையில் இடப்பக்கம் நோயாளியின் மூட்டு. வலப்பக்கம், ஒப்பிட்டுக் காட்ட, முட்டாத ஒரு மூட்டு. இயந்திரம் வந்த புதிதில் எடுத்தது. பெயர் கிடையாது.

அது மங்கலாக இருக்கிறதாம். பிசியோவின் படம் கிடைத்ததும் பழையதை அழித்துவிடச் சொன்னார் டாக்டர்.

அது அழியக் கூடாது. பிரதி எடுத்து வெளியே கொண்டுபோகவும் அனுமதி இல்லை.

முதல் முறை படங்கள் துல்லியமாக வந்தன. ஆள் அசைந்துவிட்டார், கலங்கிவிட்டது என்று டாக்டருக்குப் போனில் சொன்னேன். இரண்டாம் முறையும் அதையே சொன்னேன். குரல்கூட மாறவில்லை.

ஸ்கேன் அறைக்குப் போகும் மைக்கை அணைக்காமலே பேசியிருக்கிறேன். பிறகுதான் கவனித்தேன்.

மூன்றாம் முறை டாக்டரே வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் பளிச்சென்று. இனி சொல்ல எதுவும் இல்லை. எந்த விரலால் அழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் படங்கள் கலங்கின.

தொடை இழுத்துக்கொண்டது, இதற்குமேல் அசையாமல் வைத்திருக்க முடியாது என்று உள்ளேயிருந்து பிசியோ சொன்னார். பந்து விளையாடுகிறவரின் லட்சணத்தைப் பார் என்று டாக்டர் முணுமுணுத்தார். பழைய படத்தை ஓடவிட்டார். எண்ணெய் போட்டதுபோல் வழுக்குகிறதே என்றார்.

“பேசாம இந்தப் பழைய படத்துல இருக்கிறவங்களையே மறுபடி வரச் சொல்லிடுங்க. அதுவரைக்கும் இது இருக்கட்டும்.”

வரச் சொல்கிறேன் என்றேன். டாக்டர் போனார்.

பட்டையை அவிழ்க்க உள்ளே போனேன். பிசியோ என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

“எனக்கு ஒண்ணும் இழுக்கலைண்ணே. அண்ணி படம் இருக்கட்டும்னுதான். அவங்க சாவுக்குத்தான் வர முடியாமப் போச்சு.”